பிரிண்டர் செத்துவிட்டதா? முதலில் நாடி பார்க்கவேண்டும்!

இரவு மணி ஒன்பது.

மறுநாள் பெண்ணுக்கு நுழைவுத் தேர்வு. தேர்வு மண்டபத்துக்குள் போகவேண்டுமானால் அச்சடித்த அனுமதிச் சீட்டு கையில் இருக்கவேண்டும். செல்போனில் காட்டினால் போதாது. வீட்டில்தான் பிரிண்டர் இருக்கிறதே என்று அதுவரை யாரும் கவலைப்படவில்லை.

பெண் பொத்தானை அழுத்தினாள். விளக்கு எரியவில்லை. மறுபடியும் அழுத்தினாள். மூச்சுப் பேச்சு இல்லை.

"அப்பா! பிரிண்டர் ஆன் ஆகமாட்டேன் என்கிறது!"

தகப்பனார் வந்தார். அவரும் அழுத்திப் பார்த்தார். தலையில் இரண்டு தட்டு தட்டினார். பயன் இல்லை.

"போன வாரம்கூட ஓடியதே! இடி இடித்த அன்றைக்குப் போயிருக்குங்க" என்றாள் தாயார்.

தகப்பனார் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு ஓடினார். கடையை மூடப் போன ஜெராக்ஸ்காரரைக் கெஞ்சி, ஒரு தாள் அச்சடித்து வந்தார். பெண் தேர்வு எழுதிவிட்டாள்.

அத்துடன் கதை முடியவில்லை. பிரிண்டர் கடைக்குப் போயிற்று. கடைக்காரர் அதைத் திறக்கவே இல்லை. "பழைய மாடல் சார். போர்டு போயிருக்கும். ரிப்பேர் செலவுக்குப் புதிதே வாங்கிவிடலாம்" என்றார். அடுத்த வாரம் பழைய இரும்பு வியாபாரி வந்தார். முன் காலமானால் பேரீச்சம்பழம் கொடுத்திருப்பார். இப்பொழுது 150 ரூபாய் கொடுத்தார்.

வியாபாரி அதை ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனார். மெக்கானிக் தன்னிடம் இருந்த வேறொரு ஒயரைச் செருகினார். பொத்தானை அழுத்தினார்.

விளக்கு எரிந்தது!

கெட்டுப் போனது பிரிண்டர் அல்ல. அதன் ஒயர். கடையில் அதன் விலை நூறு, நூற்றைம்பது ரூபாய். அதற்காக, பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய யந்திரம் வீட்டை விட்டு வெளியேறிவிட்டது.

எந்த ஊரிலும், எந்தத் தெருவிலும் நடக்கக்கூடிய கதை இது. ஆளுக்கு ஜலதோஷம் பிடித்தால் யாரும் சுடுகாட்டுக்குச் சொல்லி அனுப்புவதில்லை. யந்திரத்துக்கு மட்டும் ஏன் இந்த அவசரம்?

பொத்தான் போடுவது உத்தரவு அல்ல

பழைய ரேடியோவின் சுவிட்சுக்கு ஒரு குணம் உண்டு. திருகினால், மின்சாரம் பாயும். திரும்பத் திருகினால், மின்சாரம் நிற்கும். அது வாசற்கதவு மாதிரி.

இன்றைய பிரிண்டரின் பொத்தான் அப்படி அல்ல. செருகி வைத்திருக்கும் வரையில் பிரிண்டருக்குள் கொஞ்சம் மின்சாரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். உள்ளே ஒரு சின்னச் சில்லு எப்பொழுதும் அரைத் தூக்கத்தில் காவல் இருக்கும். பொத்தானை அழுத்தினால், "எழுந்திரு" என்று அந்தச் சில்லுக்குச் செய்தி போகும். சில்லு சம்மதித்தால்தான் யந்திரம் எழும். ஆகவே, பொத்தான் போடுவது உத்தரவு அல்ல, விண்ணப்பம்!

மின்சாரம் போய், வந்து, தடுமாறும்பொழுது இந்தச் சில்லு திகைத்துப் போய் நின்றுவிடுவது உண்டு. பிரிண்டர் கெடவில்லை. விண்ணப்பத்தை வாங்க ஆள் இல்லை. அவ்வளவுதான்.

மின்சாரம் வருகிற வழியும் நேரானது. சுவரில் இருந்து 230 வோல்ட் வருகிறது. ஒயர் வழியாகப் பிரிண்டருக்குள் போகிறது. அங்கே "பவர் சப்ளை" என்னும் பகுதி, அதைக் குறைந்த வோல்ட் நேர் மின்சாரமாக மாற்றுகிறது. மோட்டார்களுக்குச் சில மாடல்களில் 24 வோல்ட். சில மாடல்களில் 32 வோல்ட். அதன் பிறகே சில்லும், மோட்டாரும், மை தெளிக்கும் தலையும் வேலை செய்கின்றன.

சுவர், ஒயர், பவர் சப்ளை, சில்லு என்று நான்கு படிகள். எந்தப் படி உடைந்தாலும் வெளியே தெரியும் அடையாளம் ஒன்றுதான்: விளக்கு எரியாது. முதல் இரண்டு படிகளைப் பார்க்காமலே நான்காவது படிக்குப் பழி போடுவதுதான் தப்பு.

என்ன நோய்?

"பிரிண்டர் ஆன் ஆகவில்லை" என்று சொல்பவர்கள் எல்லோருக்கும் ஒரே நோய் அல்ல.

ஒரு விளக்குகூட எரியவில்லையா? மின்சாரம் வருகிற வழியில் கோளாறு.

விளக்கு ஒரு விநாடி மின்னி அணைகிறதா? மின்சாரம் உள்ளே போகிறது. ஆனால், உள்ளே எங்கோ ஷார்ட் இருப்பதால் பவர் சப்ளை தன்னைக் காத்துக்கொள்ள நிறுத்திக்கொள்கிறது என்று சந்தேகிக்கலாம். இது மெக்கானிக்கின் வேலை.

விளக்கு எரிந்தும் அச்சடிக்கவில்லையா? இது மின்சார நோயே அல்ல. காகிதம் சிக்கியிருக்கலாம், கம்ப்யூட்டருடன் தொடர்பு அறுந்திருக்கலாம்.

நான்காவது ஒன்றும் உண்டு. சில மணி நேரம் வேலை இல்லாவிட்டால் பல பிரிண்டர்கள் தாமாகவே அணைந்துவிடும். அப்படிச் செய்ய அவற்றுக்குக் கட்டளை இருக்கிறது. உறங்குகிற யந்திரத்தைப் பார்த்து ஒப்பாரி வைக்கக்கூடாது.

பத்து நிமிஷப் பரிசோதனை

வீட்டுக்காரர் செய்யவேண்டியது பத்து நிமிஷ வேலை. ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம், படிப்பும் வேண்டாம், பொறுமை வேண்டும்.

முதலில் சுவர். பிரிண்டர் செருகியிருக்கும் அதே பிளக்கில் ஒரு மேஜை விளக்கைச் செருகிப் பார்க்கவேண்டும். டெஸ்டரை வைத்து, "எரிகிறது, கரண்ட் இருக்கிறது" என்று தீர்ப்புச் சொல்வது சரி அல்ல. மின்சாரத்துக்குப் போகவும் வழி வேண்டும். திரும்பவும் வழி வேண்டும். டெஸ்டர் போகிற வழியை மட்டுமே காட்டும். நியூட்ரல் ஒயர் விட்டுப் போயிருந்தாலும் டெஸ்டர் எரியும், பிரிண்டர் ஓடாது.

இரண்டாவது, இடைத் தரகர்களை விலக்கவேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், யு.பி.எஸ். எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு நேராகச் சுவரில் செருகவேண்டும். லேசர் பிரிண்டர் வைத்திருப்போர் இதை முக்கியமாகக் கவனிக்கவேண்டும். மை தெளிக்கும் பிரிண்டர் அச்சடிக்கும்பொழுது ஒரு சிறு பல்பு அளவு மின்சாரமே எடுக்கும். லேசர் பிரிண்டர் அப்படி அல்ல. தூள் மையைச் சுட்டுக் காகிதத்தில் ஒட்டவைக்க அதற்குள் ஓர் அடுப்பே இருக்கிறது. அது சூடேறும்பொழுது பல நூறு வாட் இழுக்கும். வீட்டுச் சிறு யு.பி.எஸ். அதைத் தாங்காது.

மூன்றாவது, ஒயர். பிரிண்டரின் பின்புறம் ஒயர் நுழையும் இடம் தளர்ந்து போவது சகஜம். மேஜையை நகர்த்தும்பொழுது ஒரு நூல் அளவு வெளியே வந்தாலும் போதும். அழுத்திச் செருகவேண்டும். பிறகு ஒயரையே மாற்றிப் பார்க்கவேண்டும். பல மை பிரிண்டர்களின் ஒயர் முனை எட்டு என்ற எண் வடிவத்தில் இருக்கும். டேப் ரிக்கார்டருக்கும் சில டி.வி.களுக்கும் வருவது அதே ஒயர்தான். பல லேசர் பிரிண்டர்களுக்கு வருவது மேஜைக் கம்ப்யூட்டருக்கு வரும் மூன்று பின் ஒயர். ஆகவே, இரவல் வாங்க எதிர் வீட்டுக்குக்கூடப் போகவேண்டியது இல்லை.

ஆனால், தனியாக அடாப்டர் உள்ள பிரிண்டருக்கு அடாப்டரை இரவல் வாங்கக்கூடாது. வோல்ட் மாறினால் பிரிண்டர் நிஜமாகவே செத்துப் போகும். ஒயர் வேறு; அடாப்டர் வேறு.

நான்காவது, திகைத்து நிற்கும் சில்லைத் தெளியவைக்கும் வைத்தியம். ஒயரைச் சுவரில் இருந்தும் பிரிண்டரில் இருந்தும் கழற்றவேண்டும். கம்ப்யூட்டருக்குப் போகும் ஒயரையும் கழற்றவேண்டும். பிறகு, பிரிண்டரின் பொத்தானை அரை நிமிஷம் அழுத்திப் பிடிக்கவேண்டும். உள்ளே தேங்கிய மிச்ச மின்சாரம் வடிய இது உதவும். சில நிமிஷம் பொறுத்து மீண்டும் செருகினால், சில்லு புதிதாகக் கண் விழிக்கும். "செத்துப் போன" பிரிண்டர்கள் சில இந்த வைத்தியத்திலேயே எழுந்து உட்கார்ந்துவிடும்!

எல்லை எது?

இத்தனைக்கும் அசையாவிட்டால், வீட்டுக்காரர் அங்கேயே நிற்கவேண்டும். மூடியைக் கழற்றக்கூடாது.

காரணம் இருக்கிறது. 230 வோல்ட் மின்சாரம் பவர் சப்ளைக்குள் போனதும், ஏறக்குறைய 325 வோல்ட் நேர் மின்சாரமாக ஒரு கெபாசிட்டரில் நிற்கும். ஒயரைக் கழற்றிய பிறகும் சிறிது நேரம் அது அங்கேயே தங்கியிருக்கும். பொத்தானை அழுத்திப் பிடித்ததால் அது முழுவதும் வடிந்துவிட்டது என்று நம்பக்கூடாது. "ஒயரைத்தான் பிடுங்கிவிட்டேனே" என்று கை வைப்பவரைத் தூக்கி எறியும்.

ஃபியூஸ் போயிருக்கலாம். கெபாசிட்டர் உப்பியிருக்கலாம். பல்லி புகுந்து ஷார்ட் ஆகியிருக்கலாம். இவை எல்லாம் மெக்கானிக் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்துச் சரிசெய்யக்கூடிய குறைகள். வெளியே வீட்டுக்காரர், உள்ளே மெக்கானிக். இந்த எல்லையை யாரும் தாண்டக்கூடாது.

மலிவின் விலை

கடைக்காரர் ஏன் திறந்துகூடப் பார்க்கவில்லை? அவர் மேல் மட்டும் குற்றம் சொல்லிப் பயன் இல்லை.

1984-ம் ஆண்டில் ஹியூலெட் பேக்கார்டு கம்பெனியின் முதல் லேசர்ஜெட் பிரிண்டர் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. விலை 3,495 டாலர்! அந்த யந்திரத்துக்கு ஃபியூஸ் போயிற்று என்று யாராவது குப்பையில் போட்டிருப்பார்களா? இன்றைக்குச் சில ஆயிரம் ரூபாய்க்குப் பிரிண்டர் கிடைக்கிறது. மலிவு நல்லதுதான். ஆனால், மலிவுக்கு ஒரு சூட்சுமம் உண்டு. யந்திரத்தைக் குறைந்த லாபத்துக்குக் கொடுத்து, மைப் பெட்டியில் பணத்தைத் திரும்ப எடுப்பது இந்த வியாபாரத்தின் பழைய வழக்கம். மாட்டை மலிவாகக் கொடுத்துவிட்டு, வைக்கோலைத் தன்னிடமே வாங்கவேண்டும் என்று சொல்வது மாதிரி!

வாங்கியவனுக்கு யந்திரம் எவ்வளவு தூரம் சொந்தம்? இந்தக் கேள்வி அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போயிற்று. காலியான டோனர் பெட்டிகளை வாங்கி, மறுபடி நிரப்பி விற்றது ஒரு கம்பெனி. தன் காப்புரிமைக்கு விரோதம் என்று லெக்ஸ்மார்க் பிரிண்டர் கம்பெனி வழக்குப் போட்டது. 2017-ம் ஆண்டு மே மாதம் தீர்ப்பு வந்தது. ஒரு பொருளை விற்றுவிட்டால், அதன் மேல் காப்புரிமை அதிகாரம் அதோடு தீர்ந்தது என்றது கோர்ட்டு. விற்றவன் விற்றவன்தான்; வாங்கியவனே சொந்தக்காரன்.

தீர்ப்பு பெட்டியைப் பற்றியது. தத்துவம் யந்திரம் முழுவதற்கும் பொருந்தும்.

இங்கே என்ன நிலைமை?

இந்தியாவிலும் முயற்சி நடக்காமல் இல்லை. பழுது பார்க்கும் உரிமையைப் பற்றி ஆராய மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022-ம் ஆண்டு ஜூலையில் ஒரு குழுவை அமைத்தது. அதே ஆண்டு டிசம்பர் 24-ந் தேதி, ரிப்பேர் விவரங்களைப் பொதுமக்களுக்குத் தருவதற்காக ஓர் இணையதளமும் தொடங்கப்பட்டது. விவசாயக் கருவிகள், செல்போன் உள்ளிட்ட மின்னணுப் பொருள்கள், வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனங்கள் ஆகிய நான்கு துறைகள் அதில் இருக்கின்றன.

மின்னணுக் கழிவுக்கும் சட்டம் உண்டு. 2022-ம் ஆண்டின் விதிகள் 2023-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி அமலுக்கு வந்தன. பிரிண்டரும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. பொருள் கழிவான பிறகு மறுசுழற்சிக்குத் தயாரிப்பாளர் பொறுப்பு ஏற்கவேண்டும் என்கிறது சட்டம்.

நல்லதுதான். ஆனால், இந்த விதி செத்த பிறகு செய்கிற காரியத்தையே பெரிதாகப் பேசுகிறது. சாகாமல் காப்பது யார் பொறுப்பு? 2022-ம் ஆண்டில் மட்டும் உலகம் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் கழிவைக் கொட்டியது என்று ஐ.நா. அறிக்கை சொல்கிறது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது நூற்றுக்கு 22 பங்குதான். நல்ல யந்திரங்களும் ஒரு ஒயருக்காக இந்தக் குவியலில் போய்ச் சேரலாமா?

கம்பெனிக்காரர் வாதம்

கம்பெனிகளுக்கும் ஒரு வாதம் உண்டு. "கண்டவர்கள் திறந்தால் ஷாக் அடிக்கும், பழி எங்கள் மேல் வரும். பழைய மாடலுக்கு உதிரிப் பாகம் வைத்துக்கொண்டிருந்தால் செலவு கட்டாது" என்பார்கள்.

முதல் வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆகவேதான் திறப்பது மெக்கானிக்கின் வேலை என்று சொல்லப்படுகிறது. அந்த மெக்கானிக்குக்கும் படமும் பாகமும் கொடுக்காமல் இருப்பதற்கு ஷாக் ஒரு காரணம் ஆகாது. ஆபத்தான யந்திரத்துக்குத்தான் விவரம் அதிகம் வேண்டும்.

இரண்டாவது வாதத்துக்கும் பதில் உண்டு. எல்லாப் பாகத்தையும் வைத்திருக்கவேண்டாம். "ஆன் ஆகவில்லை" என்ற நோய்க்கு முக்கியமாக வேண்டியவை இரண்டுதான்: ஒயர், பவர் சப்ளை. இந்த இரண்டையும் மாடல் நின்ற பிறகும் சில ஆண்டுகளுக்கு விலை அச்சிட்டுக் கடையில் கிடைக்கச் செய்வது, உலகம் முழுவதும் வியாபாரம் செய்கிறவர்களுக்கு ஒரு பாரமா?

பார்ப்பதற்குக் கூலி

கடைசியாக ஒரு கசப்பான உண்மை. குற்றத்தில் பங்கு வீட்டுக்காரருக்கும் உண்டு.

வைத்தியர் நாடி பார்த்து, "ஒன்றும் இல்லை, போய் வாருங்கள்" என்று சொன்னாலும் பீஸ் கொடுக்கிறார்கள். மெக்கானிக் அரை மணி நேரம் சோதித்து, "ஒயர்தான் சார் போயிருக்கிறது" என்று சொன்னால், "இதற்கா காசு?" என்று கேட்கிறார்கள். ஒயர் விலையை மட்டும் கொடுத்துவிட்டு நடக்கிறார்கள். பார்ப்பதற்குக் கூலி இல்லை என்றால் எந்த மெக்கானிக் பார்ப்பார்? "போர்டு போயிற்று, புதிது வாங்குங்கள்" என்று சொல்வதே அவருக்கு லாபம். புதிது விற்றால் கமிஷனாவது கிடைக்கும்!

ஆகவே, இரண்டு பக்கமும் மாறவேண்டும். சோதனைக்கு இவ்வளவு கட்டணம் என்று கடையில் எழுதிப் போடவேண்டும். அதை வீட்டுக்காரர் முகம் சுளிக்காமல் கொடுக்கவேண்டும். யந்திரம் தேறாது என்றால், எந்தப் பாகம் போயிற்று, அதன் விலை என்ன என்று கடைக்காரர் ஒரு சீட்டில் எழுதிக் கொடுக்கவேண்டும். எழுதிக் கொடுக்கவேண்டும் என்றால், திறந்து பார்த்துத்தானே ஆகவேண்டும்!

நாட்டில் திறமைக்குப் பஞ்சம் இல்லை. ஐ.டி.ஐ.களில் எலெக்ட்ரானிக்ஸ் மெக்கானிக் பிரிவில் பிள்ளைகள் படிக்கிறார்கள். சென்னை ரிச்சி தெருவில் கைவிட்ட யந்திரங்களுக்கு உயிர் கொடுக்கும் கைகள் இருக்கின்றன. சுவர்க் கடிகாரத்தையும், தையல் யந்திரத்தையும், மண்ணெண்ணெய் ஸ்டவ்வையும் தலைமுறை தலைமுறையாக ரிப்பேர் பார்த்து ஓட்டிய குடும்பங்கள் இவை. அந்தப் புத்தி இன்னும் மறந்துபோகவில்லை.

வருமுன் காக்கவும் வழி உண்டு. மை பிரிண்டரைச் சுவர் சுவிட்சில் அணைக்கக்கூடாது. முதலில் அதன் பொத்தானை அழுத்தவேண்டும். அப்பொழுதுதான் மைத் தலை மூலைக்குப் போய் மூடிக்கொள்ளும். மை காய்ந்து அடைக்காது. அது முழுவதும் அணைந்த பிறகே சுவர் சுவிட்சு. வானம் இருட்டும்பொழுதே ஒயரையும் பிடுங்கிவிடவேண்டும். இடிக்கு ஏழை வீடு, பணக்கார வீடு தெரியாது.

அனுமதிச் சீட்டு அச்சடிக்கவேண்டிய இரவு எல்லா வீட்டுக்கும் வரும். அந்த இரவில் விளக்கு எரியாவிட்டால், தலையில் தட்டவேண்டாம். ஒயரைத் தொட்டுப் பார்க்கவேண்டும்.

பழைய இரும்பு வியாபாரிக்கு அவசரம் இல்லை. அவர் அடுத்த வாரமும் வருவார்!